மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷனோட ‘வீ ஆர் ஒன்லி இன் இட் ஃபார் த மனி’ (1968): இது வெறும் பீட்டில்ஸ் கிண்டலா?

கருந்தட்டு எழுதியது:

பீட்டில்ஸோட ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் பத்தின இழைல யாரோ இந்த ஆல்பத்த “பெப்பரோட பாரடி”ன்னு ஒரே வரில முடிச்சிட்டு போயிட்டாங்க, எனக்கு அது மனசே ஆறல, அதான் தனி இழையா போடுறேன். கவர் பாரடிதான், அதுல சந்தேகமே இல்ல. கால் ஷெங்கல் டிசைன், ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் எடுத்த போட்டோ, பீட்டில்ஸ் கவர்ல பூவால பேண்ட் பேர் எழுதியிருப்பாங்கல்ல அது இங்க காய்கறி பழத்தால எழுதியிருக்கும், நீல வானத்துக்கு பதிலா மின்னல் வெட்டுற இருட்டு வானம், பேண்ட் ஆளுங்க எல்லாம் கவுன் போட்டு நிக்கிறாங்க, பக்கத்துல கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அட்டைப்படமா இல்ல, நெஜமாவே வந்து நின்னிருக்காரு. மதர்ஸ் பேண்டோட தலைவர் ஃப்ராங்க் ஜாப்பா, பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிக்கு நேரடியா போன் போட்டு அனுமதி கேட்டிருக்காரு, அவரு அதெல்லாம் மேனேஜருங்க பாக்குற விஷயம்னு சொல்லிட்டாரு. அப்புறம் மாசக்கணக்குல இழுத்து, கடைசில வெர்வ் லேபிள் கேஸுக்கு பயந்து அந்த படத்த உள்பக்கம் தள்ளிட்டு உள்ள இருந்த படத்த வெளிய போட்டு 1968 மார்ச்சுல விட்டாங்க.

ஆனா தட்ட போட்டு கேட்டா பீட்டில்ஸ் எங்கயும் பெருசா இல்லயே! மொத்தம் 39 நிமிஷம், 19 ட்ராக். பாதி பாட்டு ரெண்டு நிமிஷத்த தாண்டல. ஒரு பாட்டு நல்லா பிடிச்சு போற நேரத்துல டக்குனு வெட்டி ஒரு போன் பேச்சு, ஒரு குறட்டை சத்தம், ஒரு விசில், அப்புறம் சம்பந்தமே இல்லாத மாதிரி அடுத்த பாட்டு. மொத தடவ கேக்குறப்ப எரிச்சலாத்தான் இருக்கும். ஹெட்போன் போட்டு ஒரே மூச்சுல கேளுங்க, 39 நிமிஷமும் ஒரே பாட்டுன்னு புரியும். கிண்டல் பண்றது பீட்டில்ஸ இல்ல, 1967ல பூ வெச்சுக்கிட்டு சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு கெளம்பின ஹிப்பிங்கள, அவங்கள அடிச்ச போலீஸ, அவங்கள பெத்தவங்கள, எல்லாத்தையும் வித்து காசாக்கின ரெக்கார்ட் கம்பெனிகாரங்கள. அந்த டைட்டிலே அவங்கள நோக்கித்தான்.

நிலாக்காய்ச்சல் எழுதியது:

தல, ஆல்பம் முக்கியமானதுங்கறத மறுக்கல. ஆனா எனக்கு இதுல ஒரு நெருடல் எப்பவும் உண்டு. அப்ப வியட்நாம் போர் நடக்குது, பசங்க ரோட்டுல எறங்கி அடி வாங்குறாங்க. அந்த நேரத்துல ஒரு ஆளு ஸ்டூடியோல உக்காந்து அந்த பசங்களயே நக்கல் அடிக்கறது என்ன நியாயம்? ‘ஹூ நீட்ஸ் த பீஸ் கோர்’ கேளுங்க, ஹிப்பி ஆகணும்னு கெளம்புற ஒரு பையன், ஊருக்கு போயி ஒரு வாரம் இருந்துட்டு வீட்டுக்கு திரும்பிடுவேன்னு சொல்றான். சரி, அப்படி பசங்களும் இருந்திருப்பாங்க. எல்லாரும் அப்படியா? ஜாப்பா போதை பழக்கமே இல்லாதவரு, பேண்டுலயும் அதுக்கு ஸ்ட்ரிக்ட்டு, அதனால மேல இருந்து கீழ பாக்குற ஒரு பார்வை அவர்கிட்ட இருந்துச்சுன்னு தோணுது. ‘ஹேரி யூ ஆர் எ பீஸ்ட்’ல பொம்பளைங்கள பத்தி வர்ற தொனி எனக்கு சுத்தமா பிடிக்கல, அத நையாண்டின்னு சொல்லி தாண்டி போகவும் முடியல.

கருந்தட்டு எழுதியது:

நிலாக்காய்ச்சல், ஹேரி பாட்டு விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன், அதுல ஒரு கொடூரம் இருக்கு. ஆனா மேல இருந்து பாக்குறாருன்னு சொன்னீங்களே, அதுக்கு ‘மாம் அண்ட் டேட்’ ஒண்ணு போதும் பதில் சொல்ல. மெதுவான பாட்டு, கிண்டல் குரலே இல்ல. வீட்ல அப்பா அம்மா உக்காந்து குடிச்சிட்டு இருக்காங்க, பார்க்ல போலீஸ் சில பசங்கள சுட்டுட்டாங்கன்னு சேதி வருது, முடி வளத்து திரியற உருப்படாத பசங்கதானேன்னு அவங்க சும்மா இருக்காங்க. கடைசில பாத்தா செத்து கெடக்கறதுல அவங்க மகளும் ஒருத்தி. நடுவுல அந்த அம்மாவ பாத்து ஒரு கேள்வி வரும், மூஞ்சிக்கு க்ரீம் பூசற நேரத்துக்கு நடுவுல என்னிக்காச்சும் புள்ளகிட்ட மனசார ஒரு நிமிஷம் பேசியிருக்கியான்னு. அந்த எடத்துல குரல்ல இருக்கறது நக்கலா சொல்லுங்க?

இத ரெக்கார்ட் பண்ணது 1967. கென்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டில நேஷனல் கார்டு சுட்டு 4 மாணவர்கள் செத்தது 1970 மே 4. ரெண்டு வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஒருத்தர் இத பாட்டா போட்டு வெச்சிருக்காரு. தீர்க்கதரிசனம்னு நான் சொல்ல வரல, 1966 நவம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் ஸ்ட்ரிப்ல ஊரடங்க எதிர்த்து நின்ன பசங்கள போலீஸ் எப்படி நடத்துச்சுன்னு அந்த ஊர்ல வாழ்ந்தவருக்கு தெரியும், இது எங்க போய் முடியும்னு கணக்கு போட்டிருக்காரு. பசங்கள கேலி பண்ணதுக்கு காரணமே அதுதான்னு நான் நெனக்கிறேன். எதிர்ல துப்பாக்கி நிக்குது, நீங்க அத பேஷன்னு நெனச்சு விளையாடிட்டு இருக்கீங்களேடாங்கற ஆத்திரம்.

ரீல்_டு_ரீல் எழுதியது:

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், இத எப்படி செஞ்சாங்கன்னு யாருமே பேசலயே. நான் டேப்ல வேலை பாத்தவன், அதனால என் கண்ணு அங்கதான் போகுது.

1967 ஈஸ்டர்ல இருந்து கிட்டத்தட்ட செப்டம்பர் வரைக்கும் இவங்க நியூயார்க் கிரீனிச் வில்லேஜ்ல கேரிக் தியேட்டர்னு ஒரு சின்ன எடத்துல தொடர்ச்சியா ஷோ போட்டாங்க, ஆடியன்ஸ மேடைல ஏத்தறது, பொம்மைங்கள பிச்சு போடறதுன்னு என்னென்னமோ நடக்கும். அந்த சமயத்துலதான் ரெக்கார்டிங், மொதல்ல மேஃபேர் ஸ்டூடியோ, அப்புறம் அப்போஸ்டாலிக் ஸ்டூடியோ. மேஃபேர்ல 8 ட்ராக் (ஒரே டேப்ல எட்டு தனித்தனி தடம்), அப்போஸ்டாலிக்ல 12 ட்ராக் மெஷின், அந்த காலத்துக்கு பெரிய சமாச்சாரம். அங்க டேப் ஸ்பீட கூட்டி கொறைக்க வசதி இருந்துச்சு. இந்த ஆல்பத்துல பாதி குரலு கார்ட்டூன் குரல் மாதிரி கீச்சுன்னு வருதுல்ல, அது டேப்ப மெதுவா ஓடவிட்டு பாடி அப்புறம் நார்மல் ஸ்பீடுல போட்டது. ஒரு சோகமான வரிய அந்த கீச்சு குரல்ல கேக்குறப்ப சிரிப்பும் வராது அழுகையும் வராது, ஒரு மாதிரி ஆயிடும்.

வெட்டறதெல்லாம் பிளேடாலதான். கம்ப்யூட்டர் கெடையாது. டேப்ப கையால முன்னும் பின்னும் உருட்டி ஹெட்ல அந்த சத்தம் ஆரம்பிக்கற எடத்த காதால புடிச்சு, பென்சில்ல மார்க் பண்ணி, சாய்வா வெட்டி, ஒட்டு டேப் போட்டு நகத்தால தேய்க்கணும். ஒரு ஒட்டு தப்பினா அந்த எடத்துல டக்குனு சத்தம் கேக்கும். இந்த ஆல்பத்துல நிமிஷத்துக்கு நிமிஷம் வெட்டு, ஆனா எந்த வெட்டும் தப்பா விழல, தாளம் விடாம விழுது. பள்ளிக்கூட காலத்துலயே நவீன இசையமைப்பாளர் எட்கார் வரேஸோட இசைத்தட்டுக்கு பைத்தியமா இருந்தவரு ஜாப்பா, சத்தம் எல்லாமே இசைதாங்கற அந்த பாடம் இங்க ராக் ஆல்பத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கு.

‘ஃப்ளவர் பங்க்’ முடியற எடத்த ஹெட்போன்ல கேளுங்க. ‘ஹே ஜோ’ பாட்டோட கிண்டல் அது, 5ம் 7ம் மாறி மாறி வர்ற தாளத்துல தலைதெறிக்க ஓடும். முடிவுல இடது காதுல ஒரு ஜாப்பா பேசறாரு, வலது காதுல இன்னொரு ஜாப்பா பேசறாரு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ராக் ஸ்டார் ஆன பெருமையையும் வரப்போற காசையும் பத்தி. ஒருத்தர கவனிச்சா இன்னொருத்தர் நழுவிடுவாரு. இத எழுத்துல சொன்னா ஒண்ணும் தெரியாது, காதுல கேட்டாத்தான்.

காதோரம் எழுதியது:

அண்ணே நான் ஜாப்பா இதுவரைக்கும் கேட்டதில்ல, இந்த இழைய பாத்துட்டு தேடினா நாலஞ்சு வெர்ஷன் வருது, எத கேக்கறது?

கருந்தட்டு எழுதியது:

காதோரம், 1968 ஒரிஜினல் ஸ்டீரியோ மிக்ஸ கேளுங்க. நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. 80கள்ல மாஸ்டர் டேப் கெட்டு போச்சுன்னு சொல்லி ஜாப்பா பழைய பேஸையும் ட்ரம்ஸையும் தூக்கிட்டு ஆர்தர் பேரோவையும் சாட் வாக்கர்மேனையும் வெச்சு புதுசா வாசிச்சு போட்டுட்டாரு. 1984 ரீமிக்ஸ், சிடியா வந்தது 1986ல. ரெண்டு பேருமே பிரமாதமான வாசிப்பாளருங்க, ஆனா 67ல நடந்த கூத்துக்கு பின்னாடி 80ஸ் ட்ரம்ஸ் சத்தம் வந்தா எப்படி இருக்கும்? பேண்டோட அசல் ஆளுங்க ராய் எஸ்ட்ராடா, பில்லி முண்டி, ஜிம்மி கார்ல் பிளாக் வாசிச்சத அழிச்சதுல எனக்கு இன்னமும் கோவம் உண்டு. 1995 சிடில ஒரிஜினல் மிக்ஸ் திரும்பி வந்துருச்சு. 2009ல ‘லம்பி மனி’ன்னு மூணு டிஸ்க் செட் வந்துச்சு, அதுல மோனோ மிக்ஸும் இருக்கு 84 ரீமிக்ஸும் இருக்கு, ஒப்பிட்டு பாக்கணும்னா அது.

ரீல்_டு_ரீல் எழுதியது:

84 ரீமிக்ஸ்ல ஒரே ஒரு நல்லது, லேபிள் வெட்டினது பலது அதுல திரும்பி வந்துச்சு. அந்த வெட்டுங்க கதைய சொல்லியே ஆகணும். ‘லெட்ஸ் மேக் த வாட்டர் டர்ன் பிளாக்’ பாட்டுல ஒரு அம்மா ஹோட்டல்ல வேலை பாக்கறாங்க, ஏப்ரனும் ஆர்டர் எழுதற பேடுமா நிக்கிறாங்கன்னு ஒரு வரி. வெர்வோட தாய் கம்பெனி எம்ஜிஎம்ல ஒரு ஆளு அந்த பேட சானிட்டரி பேடுன்னு நெனச்சுக்கிட்டு அந்த வரிய வெட்ட சொல்லிட்டாரு, சில பிரஸ்ஸிங்ல அந்த வரியே கெடையாது. அந்த பாட்டு முழுக்க வர்ற மூக்குச்சளி சமாச்சாரத்துக்கு எல்லாம் ஒண்ணும் சொல்லல, பாவம் ஒரு சர்வர் அம்மா மாட்டிக்கிட்டாங்க.

‘மதர் பீப்பிள்’ பாட்டுல ஒரு சரணம் போகக்கூடாதுன்னு சொன்னப்ப ஜாப்பா அத எடுத்து தலைகீழா திருப்பி, மொத பக்கம் முடியற எடத்துல ‘ஹாட் பூப்’னு பேர் வெச்சு ஒட்டிட்டாரு. லேபிள்காரனுக்கு தெரியவே இல்ல. அப்ப வீட்ல ரெக்கார்ட் ப்ளேயர்ல தட்ட கையால பின்னாடி சுத்தினா அந்த சரணம் சுத்தமா கேக்கும்.

வெள்ளித்திரை எழுதியது:

ஆரம்பத்துல ஒருத்தர் கிசுகிசுன்னு பேசுவாரே அவரு யாரு? எனக்கு அந்த குரலு ராத்திரி கேட்டா பயமா இருக்கும்.

கருந்தட்டு எழுதியது:

வெள்ளித்திரை, அது இஞ்சினியர் கேரி கெல்க்ரன். மொத ட்ராக் ‘ஆர் யூ ஹங் அப்’ல திக்கித் திக்கி பேசற ஆளு கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், க்ரீம் பேண்ட்ல இருந்த சமயம். அவரு பேச்சு ஓஞ்ச ஒடனே கண்ணாடிக்கு அந்த பக்கம் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கற கெல்க்ரன் கிசுகிசுப்பாரு, நாளைக்கு ஜாப்பாவோட டேப் எல்லாத்தையும் அழிக்கப்போறேன், எல்லாம் வெறுமை ஆயிடும்னு. அப்புறம் ஜிம்மி கார்ல் பிளாக் வந்து, இந்த குரூப்ல இண்டியன் (அமெரிக்க பூர்வகுடி) நான்தான்னு அறிமுகம் பண்ணிக்குவாரு. மொத ஒன்றரை நிமிஷத்துலயே மூணு உலகம். இன்னொரு எடத்துல கெல்க்ரன் வெல்வெட் அண்டர்கிரவுண்டையும் ஜாப்பா குரூப்பையும் சேத்து திட்டுவாரு, அதையும் வெட்டினாங்க, ரெண்டு பேண்டும் வெர்வ்லதான் இருந்தாங்க. இதே கெல்க்ரன்தான் 1968ல நியூயார்க்ல ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவ பார்ட்னரோட சேந்து ஆரம்பிச்சவரு.

அந்த டேப் அழிக்கற பேச்சு சும்மா விளையாட்டுக்கு போட்டதுன்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அப்படி தோணல. 1965ல ஜாப்பா கலிபோர்னியால குக்கமோங்காங்கற சின்ன ஊர்ல ஒரு ஸ்டூடியோ வெச்சு ஓட்டிட்டு இருந்தாரு. போலீஸ் ஒருத்தர் மாறுவேஷத்துல வந்து 100 டாலர் தர்றேன், பார்ட்டிக்கு ஒரு ஆபாச டேப் பண்ணி குடுன்னு கேட்டாரு. இவரும் ஒரு பொண்ணும் ஒக்காந்து முனகல் சத்தத்த நடிச்சு, சிரிப்பு வந்த எடத்தயெல்லாம் வெட்டிட்டு, மியூசிக் சேத்து குடுத்தாங்க. ஒடனே கைது. 10 நாள் ஜெயில், ஸ்டூடியோல இருந்த டேப் பலதையும் எடுத்துட்டு போயிட்டாங்க. டேப்ப பறிகுடுத்தவரு, அழிச்சிடுவேன்னு இருட்டுல ஒரு குரல் சொல்றத ஆல்பத்தோட வாசல்லயே வெச்சிருக்காரு. அதிகாரம்னா அவருக்கு அந்த குரல்தான்னு நான் எடுத்துக்கறேன்.

வடமராட்சியான் எழுதியது:

இழை நல்லாப் போகுது. நான் உந்த அல்பத்தை விட ஜாப்பாவை வேற ஒரு வழியாத்தான் அறிஞ்சனான், எல். சங்கர் வழியா. வயலின் சங்கர், எல். சுப்ரமணியத்தின்ர தம்பி. தகப்பன் வி. லக்‌ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில சங்கீதம் படிப்பிச்சவர், பிள்ளையளும் அங்கதான் வளந்தவை, 1958 கலவரத்தோட குடும்பம் இந்தியாவுக்குப் போட்டுது. சங்கர் பிறகு கிற்றார்காரர் ஜோன் மெக்லாஃப்லினோட ‘சக்தி’ எண்ட குழுவில வாசிச்சு, அதுக்குப் பிறகு 1979ல ‘டச் மீ தேர்’ எண்டொரு அல்பம் செய்தவர். அதைத் தயாரிச்சது ஜாப்பாதான், வெளியிட்டதும் ஜாப்பாவின்ர சொந்த லேபிள். அதில ‘டெட் கேர்ள்ஸ் ஆஃப் லண்டன்’ எண்டொரு பாட்டு, வான் மொரிசன் பாடி ரெக்கோர்ட் பண்ணினவர், அவற்ற கொம்பனி விடேல்ல, பிறகு ஜாப்பாவும் ஐக் வில்லிஸும் பாடி ஒரு பொய்ப் பேரில போட்டவை. கருந்தட்டு சொன்ன அந்தக் கொம்பனிச் சண்டை 68ல தொடங்கி அவருக்கு ஆயுள் முழுக்க இருந்தது. 1985 செப்டம்பர் 19 அமெரிக்க செனட்டுக்கு முன்னால போய் பாட்டுத் தட்டுகளில எச்சரிக்கை ஒட்டுற கதைக்கு எதிராப் பேசினதும் இதே ஆள்தான். பேட் வரியை வெட்டுவிச்ச ஆக்களோட சண்டை பிடிச்சுப் பழகினவருக்கு அங்க போய் இருக்கிறது புதுசில்லை.

நிலாக்காய்ச்சல் எழுதியது:

நேத்து ராத்திரி ஒரிஜினல் மிக்ஸ திரும்ப கேட்டேன். கருந்தட்டு சொன்ன மாம் அண்ட் டேட் பத்தி எனக்கு பேச்சே இல்ல, அது வேற ரகம். ஆனா என்ன நிறுத்தினது ‘டேக் யுவர் க்ளோத்ஸ் ஆஃப் வென் யூ டான்ஸ்’. ஒரு நாள் வரும், எல்லாரும் சுதந்திரமா பாடுவாங்க ஆடுவாங்க, முடி நீளமா குட்டையா, குண்டா ஒல்லியான்னு யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்ற பாட்டு. மெட்டு ரேடியோ விளம்பரம் மாதிரி துள்ளல், அதனால இதையும் நக்கல்னு ஒதுக்கிடலாம். ஆனா ஹிப்பிங்க பேசின கனவு அப்படியே இதுல இருக்கு, கிண்டல் பண்ற எடமே இல்ல. அப்ப அந்த கனவு மேல அவருக்கு கோவம் இல்ல, அத பேட்ஜ் மாதிரி குத்திக்கிட்டு திரிஞ்சவங்க மேலதான். இதுவரைக்கும் வர்றேன் உங்களோட. ஆனா அந்த கனவுல பொம்பளைங்களுக்கு எடம் எங்கன்னு கேட்டா ஆல்பத்துல பதில் இல்ல. சூஸி க்ரீம்சீஸ்ங்கற கற்பனை பாத்திரமா போன்ல பேசற பமீலா ஸருபிக்கா குரல் ஒண்ணுதான் ஆம்பளைங்க நடுவுல கொஞ்சம் உயிரோட கேக்குது, அதுவும் துண்டா வந்து போயிடுது.

கருந்தட்டு எழுதியது:

அந்த கேள்வி சரியான கேள்விதான். அது இந்த ஆல்பத்தோட குறை, அதோடவே சேத்துத்தான் நான் இத கேக்கறேன்.

‘கான்சன்ட்ரேஷன் மூன்’ பத்தி இன்னும் யாரும் சொல்லல. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளிகாரங்க சுமார் 1,20,000 பேர முகாம்ல அடைச்சுச்சு, 1942ல ரூஸ்வெல்ட் போட்ட ஆணையால. அந்த முகாமுக்கு இப்ப ஹிப்பி பசங்கள கொண்டு போனா எப்படி இருக்கும்னு யோசிச்ச பாட்டு. அன்னிக்கு இது கற்பனைன்னு சிரிச்சிட்டு போக முடியாது, 1950ல போட்ட சட்டத்துல நெருக்கடி காலத்துல ஆளுங்கள புடிச்சு வைக்க அரசுக்கு அதிகாரம் இருந்துச்சு, அத ரத்து பண்ணதே 1971லதான். கடைசி ட்ராக் ‘த க்ரோம் ப்ளேட்டட் மெகாஃபோன் ஆஃப் டெஸ்டினி’ அங்கதான் கொண்டு போகுது. கவர் குறிப்புல ஜாப்பா எழுதியிருப்பாரு, மொதல்ல காஃப்காவோட ‘தண்டனைக் குடியிருப்பு’ கதைய படிங்க, அப்புறம் கேம்ப் ரீகன்ல நீங்க அடைபட்டிருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு கேளுங்கன்னு. ரீகன் அப்பதான் கலிபோர்னியா கவர்னர் ஆகியிருந்தாரு. ஆறு நிமிஷத்துக்கு மேல பாட்டே கெடையாது, பியானோ கம்பிய தட்டற சத்தம், எலெக்ட்ரானிக் இரைச்சல், நடுவுல விட்டு விட்டு சிரிக்கற சிரிப்பு. அந்த சிரிப்பு போகப்போக சிரிப்பாவே இருக்காது. காஃப்கா கதைல தண்டனைய ஒடம்புல எழுதற மெஷின் வருமே, அத படிச்சிட்டு இத கேட்டவங்க ஸ்கிப் பண்ண மாட்டாங்க.

வெள்ளித்திரை எழுதியது:

காஃப்கான்னதும் ஞாபகம் வருது, அவரு ஊரான ப்ராக்ல 1968ல ஆரம்பிச்ச பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ் பேண்ட் பேர எடுத்ததே மதர்ஸோட முந்தின ஆல்பத்து பாட்டுல இருந்துதான். அவங்கள 1976ல செக்கோஸ்லோவாக்கியாவோட கம்யூனிஸ்ட் அரசு கைது பண்ணி கேஸ் போட்டதுல இருந்துதான் சார்ட்டர் 77ங்கற மனித உரிமை இயக்கம் வந்துச்சு, நாடக எழுத்தாளர் வாஸ்லாவ் ஹாவல் அதுல முன்னாடி நின்னாரு. ஆட்சி மாறினதும் 1990 ஜனவரில ஜாப்பா ப்ராக் போனப்ப ஏர்போர்ட்ல பெரிய கூட்டம். அமெரிக்காவுல இந்த ஆல்பம் பில்போர்டுல 30 வரைக்கும்தான் போச்சு. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுங்க பட்டியல்ல சேத்தது 2005 வருஷத்துக்கு, அவரு 1993லயே போயிட்டாரு.

காதோரம் எழுதியது:

அண்ணே ஒரு தடவ முழுசா கேட்டேன். பாதி புரியல. ஆனா அந்த ரெண்டு அண்ணன் தம்பி பாட்டு, ‘லெட்ஸ் மேக் த வாட்டர் டர்ன் பிளாக்’, மண்டைலயே ஓடுது. ஒருத்தன் பட்டாளத்துக்கு போயிட்டான், இன்னொருத்தன் மாத்திரை போடறான்னு ஒரு வரி வருதுல்ல, அவ்ளோ நேரம் அசிங்கம் அசிங்கமா சிரிப்பு காட்டிட்டு திடீர்னு அங்க வந்து நிக்குது. இது மாதிரி வேற என்ன கேக்கலாம்?

ரீல்_டு_ரீல் எழுதியது:

அவனுங்க நெஜமாவே ஜாப்பாவுக்கு தெரிஞ்ச பசங்க தம்பி, கலிபோர்னியால ஒண்டாரியோங்கற ஊர்ல. அடுத்து ‘லம்பி க்ரேவி’ கேளு, அதே 1968ல வந்தது. இந்த ஆல்பத்து கவர்ல இது லம்பி க்ரேவியோட முதல் கட்டமான்னு கேட்டிருக்கும், அந்த கவர்ல இது மனியோட ரெண்டாம் கட்டமான்னு கேட்டிருக்கும். ‘டேக் யுவர் க்ளோத்ஸ்’ மெட்டு அதுலயும் தலைகாட்டும், பாட்டு இல்லாம. புடிக்குதான்னு பாரு. அப்புறம் ‘அங்கிள் மீட்’. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் போட்டுடாத, இடது வலது பிரிஞ்சு கேக்கலன்னா பாதி விஷயம் காணாம போயிடும்.